குன்னூரில் பார்த்தது

கல்யாணம் புதனோடு முடிந்தது.
மேட்டுப்பாளையத்தில் ரயில் வியாழன் ராத்திரி.
நடுவில் ஒரு பகல் சும்மா கிடக்க
"சுத்திப் பாருங்க" என்று பெண் வீட்டார்
ஒரு வண்டியும் போஜனையும் கொடுத்தார்கள்.
நாயனம் மருதப்பா அண்ணன், ஒத்து, தாளம், நான்.
ஐந்தாவதாக ஜன்னல் ஓரம்
கம்பளி சுற்றிய என் தவில்.
ஈரத்தில் தோல் தொய்ந்துபோய்
கெட்டிமேளத்தில் அது என் மானத்தை வாங்கியதை
மாப்பிள்ளை கவனிக்கவில்லை.
அண்ணன் கவனித்தார்.

டால்பின் மூக்கு.
"இதோ பள்ளத்தாக்கு, அதோ அருவி"
போஜன் கை நீட்டிய இடமெல்லாம்
உலரப் போட்ட எட்டு முழ வேட்டி.
எங்களுக்கு முன்னால் நின்ற குடும்பம்
அந்த வெள்ளையோடு படம் எடுத்துக்கொண்டது.
ஒத்துக்காரர் ஒரு கேரட் வாங்கித் தின்றார்.

அப்போது கீழே எங்கிருந்தோ
குழலா அழுகையா என்று தெரியாத ஒன்று,
எந்த இடத்திலும் மூச்சு வாங்காமல்.
அண்ணன் வெற்றிலை மெல்வதை நிறுத்தினார்.
"யாரு ஊதறது?"
"கோத்தர் ஊர்ல ஏதாச்சும் விசேஷமா இருக்கும். அது கொள்."
"கொள்ளா? ரசம் வைக்கிறதா?"
தாளக்காரப் பையன் சிரித்தான்.
அண்ணன் கன்னம் தானாக உப்பி, இறங்கி, உப்பியது,
எதிரே பள்ளத்தாக்கு இருந்ததோ என்னவோ
அதைப் பார்த்து.

சிம்ஸ் பூங்காவில்
மரங்களின் பெயர்ப்பலகைகளைப் படித்தோம்.
மரங்களைக் காணோம்.
பிறகு மழை.

ஒதுங்கிய இடம் ஒரு மாதா கோயில்.
உள்ளே எட்வினா என்ற அம்மாள்
குழாய்கள் அடுக்கிய பெரிய ஆர்கன் முன்னால்
ஞாயிற்றுக்கிழமைப் பாட்டைப் பழகிக்கொண்டிருந்தார்.
மின்சாரம் போனது.
பாட்டு நடுவில் செத்த ஆடு மாதிரி ஒரு சத்தம் போட்டு நின்றது.
"பின்னால ஒரு கைப்பிடி இருக்கு.
யாராவது காற்று போட முடியுமா?"
எல்லோரும் என் புஜத்தைப் பார்த்தார்கள்.

பின்பக்கம் இருட்டு, எலிப்புழுக்கை.
பலகையில் பழைய பென்சில் எழுத்து:
தேவசகாயம். கை வலிக்குது.
நூலில் தொங்கியது ஒரு ஈயக்குண்டு.
அது கோட்டுக்கு மேலே ஏறினால்
காற்று தீருகிறது என்று அர்த்தமாம்.
நான் அமுக்கினேன்.
தகதிமி தகதிமி என்று
என் கைக்குத் தெரிந்தபடி அமுக்கினேன்.
குண்டு குதித்தது. குழாய்கள் விக்கின.
"தாளம் வேண்டாம்! ஒரே சீரா!"
முப்பத்தோரு வருஷத்தில்
என்னிடம் அப்படிச் சொன்ன முதல் ஆள்.

தாளம் இல்லாமல் அமுக்குவது
படி இல்லாத இடத்தில் இறங்குவது மாதிரி.
ஒன்றை விட்டேன். இரண்டை விட்டேன்.
சமத்துக்காகக் காத்திருந்த தோளை
திட்டித் திட்டி இறக்கினேன்.
பாட்டு காதுக்கு வரவில்லை.
பலகை வழியாக வந்து விலா எலும்பில் ஏறியது.
இத்தனை நாள் காற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து
அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.
குண்டு அசையாமல் நின்றது.
எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள், எண்ணவில்லை.

வெளியே வந்தால்
"சுருதி நம்மளதுக்கு அரைக்கட்டை தள்ளி" என்றார் அண்ணன்,
ஏதோ அந்த அம்மாளே தப்பு செய்த மாதிரி.
எட்வினா வர்க்கியும் டீயும் தந்து
ஐம்பது ரூபாயை நீட்டினார்.
வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

இறக்கத்தில் ஒன்பதாவது வளைவில்
காது அடைத்துவிட்டது.
போஜன் வாய் அசைகிறது,
அண்ணன் வாய் அசைகிறது,
"என்ன பாத்தே?" என்று கேட்கிறார் போல.
பர்லியாறு தாண்டியதும் கீழ்நாட்டு வெக்கை.
ஒரு பள்ளத்தில் வண்டி குலுங்கி
என் கை தவில்மேல் விழுந்தது.
கம்பளிக்குள் தோல் இறுகியிருந்தது.