மிச்சம்

எங்கள் மின்சாரக் கூட்டுறவில்
லாபம் என்ற சொல்லை யாரும் சொல்வதில்லை.
மிச்சம் என்போம்.
கம்பிக்கும் கம்பத்துக்கும் கடன் வட்டிக்கும் போக
ஆண்டு முடிவில் தங்குவதை
அவரவர் எரித்த யூனிட் கணக்கில் பிரித்து
அவரவர் பெயரில் எழுதிவைப்பது என் வேலை.
எழுதிவைப்பதோடு சரி.
கைக்குப் போய்ச் சேர இருபத்தைந்து வருடம் பிடிக்கும்.
அதுவரை அந்தப் பணம்
கோதுமை வயல்களுக்கு நடுவே
கம்பமாக நின்றுகொண்டிருக்கும்,
டகோட்டாக் காற்றில் லேசாகச் சாய்ந்து.

இந்த அக்டோபரில் தொண்ணூற்றாறாம் வருடத்து மிச்சம்.
ஆயிரத்து நூற்று நாற்பது காசோலைகள்
அச்சாகி, உறைக்குள் போய், தபால்தலைக்குக் காத்திருந்தன.
வழக்கமாகக் கால்வாசி திரும்பி வரும்.
அரிசோனா போய்விட்டார்.
விவாகரத்து.
காலமானார்.
காலமானவர்களுக்கு
நான் எழுதும் அளவுக்குக் கடிதம்
இந்த மாவட்டத்தில் பாதிரியார்கூட எழுதுவதில்லை.

செவ்வாய்க்கிழமை ஆர்டெல் ஹேகர்லி வந்தார்.
என் மேசையில் இரண்டு பட்டியல்கள்.
ஒன்று, உரிமையாளர்கள்.
இன்னொன்று, அடுத்த வியாழன் இணைப்பு துண்டிக்க வேண்டியவர்கள்.
இரண்டிலும் அவர் இருந்தார்.

"என் பணம் உங்களிடம் எவ்வளவு கிடக்கிறது?"
திரையைத் திருப்பிக் காட்டினேன்.
இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு டாலர்.
"அதில் இருநூற்றுப் பதினெட்டு நாற்பதைக் கழித்துக்கொள்."
விதி இடம் கொடுக்காது என்றேன்.
அந்தந்த வருடத்துப் பணம் அந்தந்த முறையில்தான்.
உறுப்பினர் இறந்தால் மட்டும் முன்கூட்டியே.
தொப்பியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார்.
"ஆக, விளக்கு எரிய வேண்டுமானால்
நான் அணைய வேண்டும்."
சிரித்தது அவர்தான்.
நான் அச்சு இயந்திரத்துக்குத் தாள் வைக்கப் போனேன்.

சனிக்கிழமை பள்ளிக்கூட ஜிம்மில் ஆண்டுக் கூட்டம்.
பன்றி இறைச்சி ரொட்டி, உருளைக்கிழங்கு சாலட்,
கூடைப்பந்து வளையத்தின் கீழே
குலுக்கல் பரிசாக ஓர் உறைபெட்டி.
கூட்டம் செல்ல நூற்று நாற்பத்து மூன்று பேர் தேவை.
பெருக்குகிற கர்ட்டிஸையும் சேர்த்து எண்ணினோம்,
அவரும் உறுப்பினர்தான்.
நூற்று நாற்பத்திரண்டு.
தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
கதவு திறந்தது. ஹேகர்லி.
சாப்பாட்டுக்கு வந்ததாகச் சொன்னார்.

தீர்மானம் இது:
ஏப்ரல் பனிமழையில் நானூற்றுப் பன்னிரண்டு கம்பங்கள் முறிந்தன,
ஆகவே தொண்ணூற்றாறின் மிச்சத்தை
இந்த வருடம் தர வேண்டாம்.
வெர்லா ஹாக்ஸ்டால் எழுந்து
இயக்குநர்களின் பயணப்படி எவ்வளவு என்று கேட்டாள்.
பதில் வந்தது.
இன்னொரு முறை, சத்தமாக, என்றாள்.
பிறகு கைகள் உயர்ந்தன.
ஹேகர்லியின் கையும்.
அவருடைய காசோலை முப்பத்தொரு டாலர் பதினேழு சென்ட்,
என் பூட்டிய அலமாரியில் கிடந்தது.
ஏன் உயர்த்தினார் என்று நான் கேட்கவில்லை.
ஏப்ரலில் அவர் வீடு பதினோரு நாள் இருட்டில் இருந்தது;
பன்னிரண்டாம் நாள் விடியுமுன் மூன்று மணிக்கு
கம்பத்தில் ஏறியது என் தம்பி.
இதற்கும் அதற்கும் தொடர்பு இருக்கலாம்.
சாலட்டுக்கும் இருக்கலாம்.

உறைபெட்டி விழுந்தது அவருக்கு.
வாகன நிறுத்தத்திலேயே
வெர்லாவுக்கு இருநூற்றைம்பதுக்கு விற்றுவிட்டார்;
நால்வர் தூக்கி அவள் டிரக்கில் ஏற்றினார்கள்.

திங்கள் காலை, ரொக்கம்.
ரசீதையும் மீதியையும் ஒன்றாக நீட்டினேன்.
முப்பத்தொரு டாலர் அறுபது சென்ட்.
எண்ணிப் பார்த்தார்.
"உங்கள் தொண்ணூற்றாறைவிட
நாற்பத்து மூன்று சென்ட் அதிகம்," என்றார்,
"அதுவும் இரண்டே நாளில்."

இரண்டாம் பட்டியலில் ஒரு கோடு போட்டேன்.

வெர்லாவுக்கு எண்பத்தொரு வயது.
அந்த உறைபெட்டி இரவெல்லாம் முனகி எரிக்கும் யூனிட்டுகளுக்கு
வருட முடிவில் கொஞ்சம் மிச்சம் வரும்.
அவள் பெயரில்தான் எழுதுவேன்,
இருபத்தைந்து வருடம் தள்ளி ஒரு தேதி போட்டு.
முகவரி மாறினால் தெரிவிக்கவும் என்ற வரி
படிவத்தில் ஏற்கெனவே இருக்கிறது.