பேருந்துக்குக் கட்டம் இல்லை

மூன்றாம் ஆண்டுப் பயிற்சியில்
எனக்கு நாற்காலி இல்லை.
அதுவரை உலகம் என்பது
எதிரெதிரே இரண்டு நாற்காலிகள், காகிதக் கைக்குட்டைப் பெட்டி,
நான் மட்டும் பார்க்கும் கோணத்தில் ஒரு கடிகாரம்.

இப்போது நகராட்சியின் நான்காம் மாடி,
பொதுச் சுகாதாரப் பிரிவு.
ஒரு பக்கத்து மேசையில் எலிக் கட்டுப்பாட்டு ஹியூ,
மறு பக்கத்தில் ஈரச்சுவர்ப் புகார்களை எண்ணும் மேரிட்.
"சைக்காலஜிஸ்டா? என் மனதைப் படித்துவிடுவீர்களா?"
"எலிகளை மட்டும்" என்றேன்.
சேர்த்துக்கொண்டார்கள்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.
அந்த ஒரு சோற்றை
ஐம்பது நிமிடம் உற்றுப் பார்க்கப் படித்தவள் நான்.
அடுப்பு எரிகிறதா என்பது
வேறு யாருடைய வேலையோ என்றிருந்தேன்.

முதல் வாரம் ஒரு வரைபடம் தந்தார்கள்.
வேல்ஸ் மலையிடுக்கில் எங்கள் ஊர்;
சுரங்கம் மூடிய பிறகும்
சுரங்கத்துக்கே வரிசையில் நிற்கும் வீடுகள்.
மனநலப் பிரிவுக்கு வரத் தவறியவர்களுக்கு
ஆளுக்கொரு சிவப்புப் புள்ளி.
நான் கையெழுத்திட்ட கடிதங்கள் நினைவுக்கு வந்தன:
'இருமுறை வராததால் தங்கள் பெயர் நீக்கப்படுகிறது.
அன்புடன், டெக்வென் ப்ரோதரோ.'
அன்புடன்.

புள்ளிகள் சிதறவில்லை.
மேல் தெருக்களில் சர்க்கரை கண்ட எறும்பாய் மொய்த்தன.
மேரிட் எட்டிப் பார்த்தாள், தேநீரை உறிஞ்சிக்கொண்டே:
"ஆறு மணிக்கு மேல் நாற்பத்தேழாம் எண்ணை நிறுத்திவிட்டார்களே,
அந்தப் பாதை."

'தவிர்க்கும் போக்கு' என்று
கோப்பில் நான் எழுதியிருந்ததற்கு
நாற்பத்தேழு என்று பெயர்.

அந்தப் புள்ளிகளில் ஒருவரை எனக்குத் தெரியும்.
பெயர் சொல்லக்கூடாது.
பன்னிரண்டு அமர்வுகள்; பதற்ற அளவு பதினெட்டிலிருந்து ஒன்பது.
அதை எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன்.
ஆறு மாதத்தில் மறுபடி பதினேழு.
ஷிஃப்ட் முடிந்து இருட்டில் மலையேற நான்கு மைல்.
நான் சொல்லிக்கொடுத்த மூச்சுப் பயிற்சியை
அவர் விடவே இல்லையாம்.
அந்த ஏற்றத்தில் வேறென்ன செய்ய முடியும்?

நவம்பரில் போக்குவரத்துக் குழு.
எனக்கு மூன்று நிமிடம்.
எங்களுக்குக் கற்பித்த பெரிய ஆயுதம் மௌனம்:
கேட்டுவிட்டுக் காத்திரு,
இடைவெளியை எதிரில் இருப்பவர் நிரப்புவார்.
காத்திருந்தேன்.
தலைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு
"முடித்துவிட்டீர்களா?" என்றார்.
அங்கே மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி.

பேசினேன். காது சிவக்க, குரல் பிசிற,
வரைபடம் தலைகீழாக இருப்பது தெரியாமல்.
வீணான அமர்வுகளின் கூலி இத்தனை பவுண்ட்,
பேருந்தின் டீசல் இத்தனை.
ஒருவர் மலையேறும் இருட்டை
பவுண்டில் சொல்ல வெட்கமாக இருந்தது.
வெட்கத்தை வெள்ளிக்கிழமை மேற்பார்வைக்கு ஒத்திவைத்தேன்.

கிடைத்தது இது:
செவ்வாய், வியாழன். இரவு ஒன்பது வரை.
சோதனை முறையில், ஆறு மாதம்.

பயிற்சிப் பதிவேட்டில்
தனிநபருக்குக் கட்டம் உண்டு, தம்பதிக்கு உண்டு,
குழுவுக்கு உண்டு.
'பிற' என்பதில் பேருந்து, எழுபத்து நான்கு மணிநேரம் என்று எழுதினேன்.
தெளிவுபடுத்துக என்று திரும்பி வந்தது.

முதல் வியாழன், எட்டு நாற்பது வண்டியில் நானும் ஏறினேன்.
என்னைச் சேர்த்து ஏழு பேர்.
மூன்றாம் வரிசையில் அவர்.
வெளியில் கண்டால் நாமாகப் பேசக்கூடாது, விதி.
அவரும் என்னைப் பார்த்தார், கம்பத்தைப் பார்ப்பதுபோல.
பிறகு சட்டைக் கையால் ஜன்னல் ஆவியைத் துடைத்து
தன் தெரு வருகிறதா என்று தேடினார்.
மணியை அழுத்தினார்.
இறங்கும்போது "நன்றி" என்றார்,
டிரைவரிடம்.

கதவு மூடியது.
எனக்கு இன்னும் நான்கு நிறுத்தம் இருந்தது.