வழங்கல் இடம்

கொழிஞ்சாம்பாறையில், உரக்கடைக்கு மேல்
சனிக்கிழமை ராத்திரிகளில் எங்கள் அறை.
தணிக்கைப் புத்தகத்தைப் பிரித்தால்
யூரியா வாடை அடிக்கிறது.
டிசம்பர்க் கணவாய்க் காற்றுக்கு
பொட்டாஷ் சாம்பிள் பொட்டலம்தான்
தாள்களின் மேல் பாரம்.

லிஜினுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது.
எனக்கு மலையாளம் வாசிக்க வரும்,
வாய் திறந்தால் சிரிக்கிறார்கள்.
நசீமாவுக்கு இரண்டும் வரும்.
தேர்வு மூவருக்கும் ஆங்கிலத்தில்.

நான் ஆசிரியை இல்லை.
போன முறை இரண்டாம் குரூப்பில்
நாற்பத்தேழு, ஐம்பத்திரண்டு, நாற்பத்தெட்டு.
ஒவ்வொரு தாளிலும் தேறிவிட்டேன்.
கூட்டினால் நூற்று நாற்பத்தேழு.
மூன்று குறைவு.
எல்லாவற்றிலும் தேறித் தோற்றவளுக்கு
மதிப்பெண் எங்கே ஒழுகும் என்பது தெரியும்.
"பிரிவு எண் சந்தேகமா, எண்ணை விட்டுடு,
சட்டத்தைச் சொல்லு.
கணக்கு டேலி ஆகலையா, அழாதே,
அடுத்த கேள்விக்குப் போ."

நேற்று நானே ஒரு கேள்வி செய்தேன்.
இவ்வூர் வியாபாரி ஒருவர்
பொள்ளாச்சிக்காரருக்குப்
பத்தாயிரம் இளநீர் அனுப்புகிறார்.
வழங்கல் இடம் எது? எந்த வரி?

லிஜின் அடிக்கோடிட்டு எழுதினான்:
பொள்ளாச்சி. மாநிலம் தாண்டுகிறது. ஐஜிஎஸ்டி.
நசீமா பேனாவை மூடினாள்.
"அக்கா, இளநீருக்கு வரியே இல்லையே.
எங்க அத்தா வாரம் மூணு லோடு ஏத்துறாரு."

கோபாலபுரம் ரோட்டில் ஒரு லாரி
கியர் மாற்றும் வரை யாரும் பேசவில்லை.
எனக்கு நானே சுழியம் போட்டுக்கொண்டு
இளநீரை அடித்துக் கொப்பரை என்று திருத்தினேன்.

படுத்த பிறகும் அந்தக் கேள்வி விடவில்லை.
காலை ஏழு பத்து பஸ்ஸில்
பொள்ளாச்சி ஆடிட்டர் ஆபீசுக்கு அனுப்பப்பட்டு
இரவு எட்டரைக்கு
விற்பனைத் திருப்பமாக வந்து இறங்கும் என்னை
எந்த மாநிலக் கணக்கில் எழுதுவது?

இன்று வேறு வேலை.
நசீமாவின் கால்குலேட்டர்
அத்தாவின் மண்டியிலிருந்து வந்தது.
ஒவ்வொரு எண்ணுக்கும் 'கிய்ங்' என்று கத்தும்.
தேர்வறையில் சத்தம் கூடாது.
கீழே கடையில் ஸ்குரூ டிரைவர் வாங்கி வந்து
லிஜின் முதுகைத் திறந்தான்.
காசளவு வட்டத் தகடு, இரண்டு கம்பி.
ஒன்றை நான் வெட்டினேன்.

ஒன்பது, அழுத்தினாள். மௌனம்.
ஏழு. மௌனம்.
பிறகு ஒரு பெரிய கூட்டல்,
பன்னிரண்டு வரி, தலை நிமிராமல்.
ஒவ்வொரு எண்ணுக்கும்
அவள் உதடு மட்டும், தனக்கே தெரியாமல்,
கிய்ங், கிய்ங்.