ஏழாம் கட்டம்

தர்ஸோ துறைமுகத்துக்கு மேலே
ரோனா ஸ்வான்சனின் மதுக்கடை.
புகார் ஒற்றை வரி:
'இங்கே விஸ்கி விஸ்கியாக இல்லை.'
கீழே பெயர் இல்லை.

எடையளவை அலுவலகத்திலிருந்து போனவள் நான்.
பையில் மூன்று காலிச் சீசா, அரக்கு,
கழுத்து நீண்ட கண்ணாடி மிதவை.
அலமாரியில் பதினோரு போத்தல்.
பத்தில் மிதவை
நிற்க வேண்டிய கோட்டில் நின்றது.
பதினோராவதில் தலையை உயர்த்திக்கொண்டது.
தண்ணீர் கூடினால் அப்படித்தான்,
கூச்சமில்லாமல் எழும்பும்.
நாற்பது இருக்க வேண்டிய இடத்தில்
இருபத்தேழு.

நிறம் மட்டும் குறையவில்லை.
முகர்ந்து பார்த்தேன். தேயிலை.

ஒரு சீசா அவளுக்கு,
ஒன்று ஆய்வகத்துக்கு,
ஒன்று என் இரும்புப் பெட்டிக்கு.
அரக்கு உருகி முடியும்வரை
இருவரும் பேசவில்லை.

படிவத்தில் ஏழாம் கட்டம்: செயலின் தன்மை.
இரண்டு சொற்களில் ஒன்றை எழுதலாம்.
டைல்யூட் என்றால் எச்சரிக்கைக் கடிதம்.
அடல்டரேட் என்றால் நீதிமன்றம்.

வடிசாலைக்காரரும் தண்ணீர்தான் ஊற்றுகிறார்.
பீப்பாயில் அறுபதாய் இருந்தது
போத்தலுக்குள் நாற்பதாய் இறங்குகிறது.
அதன்மேல் மான் படம் ஒட்டி
நாற்பது பவுண்டு விலை போடுகிறார்கள்.
யாரும் அரக்கு உருக்குவதில்லை.

டைல்யூட்டின் லத்தீன் வயிற்றில்
கழுவுதல் இருக்கிறது;
ஊழிவெள்ளத்தைக் குறிக்கும் சொல்லும்
அதே வயிற்றில் பிறந்ததுதான்.
நோவாவின் ஊரையே கழுவியிருக்கிறது,
ஆனாலும் கை சுத்தமான சொல்.

அடல்டரேட்டுக்குள் இருப்பது 'மற்றொன்று'.
மற்றொன்றை நோக்கிப் போதல்.
போன வருடம் என் கணவன்
இன்வெர்னஸில் வேறு வீட்டுச் சாவி வாங்கியபோது
வக்கீல் தாளில் எழுதிய சொல்லுக்கு
இது உடன்பிறப்பு.
அதனால் இதை எழுதும்போதெல்லாம்
என் பேனா கொஞ்சம் அதிகமாகவே அழுத்துகிறது.
ஒப்புக்கொள்கிறேன்.

"அந்தப் போத்தல் ஒருத்தருக்குத்தான்"
என்றாள் ரோனா.
நண்டுப் படகு மாக்னஸ் டன்னெட்.
ஈரல் வீங்கியிருக்கிறது.
கொடுக்காவிட்டால் எதிர்க்கடைக்குப் போவார்,
அங்கே முழு நாற்பது.
"மார்ச்சில் முப்பத்தெட்டு ஆக்கினேன்.
மே மாதம் முப்பத்துமூன்று.
மாதம் இரண்டு கரண்டி, அவ்வளவுதான்.
நாக்குக்குத் தெரியாமல்
நாக்கை ஏமாற்றினேன்."

பணம்?

"முழுசாகத்தான் வாங்கினேன்.
விலையைக் குறைத்தால் பிடித்துவிடுவார்."
பிஸ்கட் டப்பா ஒன்றைத் திறந்து காட்டினாள்.
தண்ணீருக்கு உண்டான காசு, தனியே,
ரப்பர் வளையம் போட்டு.
"இருநூற்றுப் பதினாறு இருக்க வேண்டும்.
ஜூனில் குளிர்பெட்டி கெட்டுப்போச்சு.
அறுபது எடுத்தேன்.
இன்னும் திருப்பி வைக்கவில்லை."

ஆக, ஒரே போத்தலுக்குள்
மருந்து ஒரு பங்கு,
திருட்டு ஒரு பங்கு,
தேநீர் கொஞ்சம்.
மிதவையில் இதற்கெல்லாம் கோடு இல்லை.

மூலை மேசையில் மாக்னஸ்
நாளிதழின் குறுக்கெழுத்தில் குனிந்திருந்தார்.
கட்டத்துக்கு ஓர் எழுத்தாக
நிதானமாக நிரப்பினார்.
சின்ன, சாய்ந்த எழுத்து.
எங்கேயோ பார்த்த எழுத்து.

பையைத் திறக்காமலே தெரிந்தது.
புகார்த்தாளில்
ஓரிடத்திலும் கை நடுங்கியிருக்கவில்லை.

பிப்ரவரியில் அவர் கோப்பையை
ரோனாதான் இரண்டு கையாலும் பிடித்துக்
குடிக்கவைப்பாளாம்.

அவளிடம் சொல்லவில்லை.
அவரிடமும்.
ஏழாம் கட்டத்தில் இருபத்தேழு என்ற
எண்ணை மட்டும் எழுதி அனுப்பினேன்.

இன்று காலை படிவம் திரும்பி வந்திருக்கிறது.
சிவப்பு மையில் மேலதிகாரி:
'எண் போதாது. சொல் வேண்டும்.'

மூடியைக் கழற்றி வைத்தது எட்டரைக்கு.
இப்போது பத்தேகால்.
பேனா முனை காய்ந்துவிட்டது,
ஒரு சொட்டுத் தண்ணீரில் நனைத்தால்
எழுதும்.