ஒன்பது பனியன்

பள்ளிக்கு மூன்று அணி.
பனியன் ஒன்பது.
பத்தாவதாக ஒன்று இருந்ததாம், நான்காம் எண்.
எஸ்டேட் லாரிக் கிளீனர் ஒருவன்
நாகலூர்ப் பக்கம் அதைப் போட்டுக்கொண்டு திரிவதாகப் பேச்சு.

ஜூன் முழுக்க, ஜூலை முழுக்க
மலையில் நாங்கள் ஒன்றாகத்தான் ஆடினோம்.
பனி இறங்கினால்
கம்பம் பாதிவரை இருக்கும்,
அதற்கு மேலே வெள்ளை.
எட்வின் எறிவான்.
எல்லோரும் காது கொடுப்போம்.
இரும்பு டங்கென்றால் தப்பு.
வலைக்குப் பதில் கட்டிய சங்கிலி
சளக்கென்றால் இரண்டு புள்ளி.
ஒன்றுமே கேட்கவில்லையென்றால்
பந்து காப்பிச் செடிக்குள் போய்விட்டது;
இருப்பதில் சின்னவன் தேடப் போகவேண்டும்.

சின்னவன் நான்தான்.
பதின்மூன்று முடியவில்லை.
பள்ளிப் பதிவேட்டில் மட்டும் பதினான்கரை.
சேர்க்க வந்த அன்று அப்பா
'நீங்களே ஒண்ணு போட்டுக்கோங்க சார்' என்றாராம்.
ஜூன் ஒன்று போட்டார்கள்.
எங்கள் வகுப்பில் பதினேழு பேர் ஜூன் ஒன்று.
ஒருவனும் மிட்டாய் கொடுத்ததில்லை,
அன்றைக்குப் பள்ளி திறந்திருக்காது.

அதனால் சேர்வராயன் சப்-ஜூனியர்,
அவன் தோளுக்கு வரும் நான் ஜூனியர்.
ஜூனியர் என்றால்,
ஜூனியர்கள் உட்காரும் பெஞ்சு.

ஆகஸ்டில் மாவட்டப் போட்டி, சேலத்தில்.
இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்குவதற்குள்
அணிக்கு இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள்.
அந்த ஒரு விஷயத்தில்
மூன்று அணியும் சமம்.

எட்டு மணிக்குச் சப்-ஜூனியர்.
முட்டிவரை தொங்கியதைச் சுருட்டி உள்ளே திணித்ததில்
சேர்வராயனுக்குத் திடீர்த் தொப்பை.
எதிரணியின் வேன் தலைவாசலில் நின்றுபோனது.
ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்று
ஆடாமலே வியர்த்து
ஜெயித்துவிட்டார்கள்.

பத்தரைக்கு ஜூனியர்.
அதே பனியன், ஈரமாக.

சேலத்தில் வளையம் பளிச்சென்று தெரிந்தது.
அதுதான் சிக்கல்.
தெரிந்ததும் எங்கள் கைகள் யோசிக்க ஆரம்பித்தன.
அம்மாப்பேட்டைப் பையன்கள் யோசிக்கவில்லை.
ஒருவன் ஐந்து பவுல் வாங்கி வெளியே வந்தான்,
ஒருவனுக்குக் கணுக்கால் பிசகிற்று,
இன்னொருவனை அப்போது கழிவறையில் தேடிக்கொண்டிருந்தார்கள்.
'ஏய் ஜூன் ஒண்ணு, போடா உள்ள.'

போனேன். யாரோ இடித்தான். விழுந்தேன்.
இரண்டு ஃப்ரீ த்ரோ என்றார்கள்.

கோட்டுக்கு வெளியே எட்வின்,
வெற்று மார்போடு.
பன்னிரண்டு மணி ஆட்டத்துக்குப்
பக்கத்து மைதானத்தில் விசில் ஊதியாயிற்று.
அவன் பதினோராம் எண்
என் முதுகில் இருக்கிறது.
'சட்டுனு போடுறா, பனியன் வேணும்.'

முதலாவது: டங்.

இரண்டாவதற்குக் கண்ணை மூடிக்கொண்டேன்.
பனியை வரவழைத்தேன்,
பாதிக் கம்பம், மேலே வெள்ளை.
எறிந்தேன்.

சத்தமே இல்லை.

பழக்கம் விடுமா,
பந்தைத் தேடத் திரும்பி நடந்தேன்.
மைதானமே சிரித்தது.
சேலத்தில் நூல் வலை.
யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பத்தொன்பது இருபதாயிற்று.
அவர்கள் நாற்பத்து நான்கு.
விசில் அடங்கும் முன்னே எட்வின்
தலைவழியாக உருவிக்கொண்டு ஓடினான்.
பதினெட்டு எடுத்தான். போதவில்லை.
பன்னிரண்டாம் வகுப்பு, அதோடு சரி.

சேர்வராயன் மறுநாளும் இறங்கிப் போய்
அரையிறுதியில் அழுதுவிட்டு வந்தான்.
அடுத்த வருஷம் அவனும் ஜூனியராம்.
நான் அப்போதும் ஜூனியர்தான்.

அன்று திரும்புகையில்
ஜன்னல் கம்பிகளில் ஒன்பதையும் கட்டினோம்.
எட்டாம் வளைவுக்குள் மொடமொடவென்று காய்ந்தன.
பதினான்கில் பனி வந்து
மறுபடி நனைத்தது.


யாரும் எழுந்து அவிழ்க்கவில்லை.