அடைக்கு ஆகாதது

தையற்காரியின் முட்டை ஒவ்வொன்றிலும்
பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போடுகிறேன்.
இது தின்ன. அடைக்கு ஆகாது.

அவள் அலகும் பெருக்கல் குறிதான்.
மேலது இடப்பக்கம், கீழது வலப்பக்கம்,
பேச்சுவார்த்தை நின்றுபோன பங்காளிகள் மாதிரி.
அந்தக் கத்தரியால்தான் பெயர்.

பொரித்த அன்று நேராக இருந்தாள்.
மூன்றாம் வாரம் ஒரு மயிரிழை விலகல்.
சிப்பி ஆலையில் இரவெல்லாம் ஓடு உடைத்து
விடியலில் வீடு திரும்புகிறவளுக்கு
எதுவும் கொஞ்சம் கோணலாகத்தான் தெரியும்.
அப்படித்தான் நினைத்து விட்டுவிட்டேன்.

தரையில் கிடக்கும் தானியம் அவளுக்கு வானத்து மீன்.
குத்துகிறாள், குத்துகிறாள்,
மண்தான் அதிர்கிறது.
ஆழமான கிண்ணத்தில் ஊறவைத்த தவிடு வேண்டும்,
அதையும் மற்றவை வருமுன்
நான் காவல் நின்று கொடுக்க வேண்டும்.
இறகு கோத முடியாது. எனவே பேன்.
அடுப்புச் சாம்பலை அவள் இறக்கையடியில் தேய்த்து,
மாதம் இருமுறை நகம் ராவும் அரத்தால் அலகு ராவி,
முடிந்ததும்
என் கைவிரலைக் கோணலாக ஒரு கடி.
அது நன்றி இல்லை. எனக்குத் தெரியும்.

ஆனால் அவள் இடும் நீலம்!
சிலோவே தீவு முழுக்க நீல முட்டை உண்டு,
இந்த நீலம் கிடையாது.
நான்கு நாள் மழைக்குப் பிறகு
அரைமணி நேரம் மட்டும் கால்வாய்க்கு வருமே, அது.

படகுத் தச்சர் எலெயுத்தேரியோ சிகுவாய்
தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார்.
"ஒரு டஜன், குறி போடாமல்.
பத்துக்கு ரெண்டு கோணினால் கோணட்டும்,
கசுவேலாச் சட்டியில் அலகு யார் பார்க்கிறார்கள்?"

சட்டி வரைக்கும் அது பட்டினி கிடக்குமே, என்றேன்.

"மிச்சம் எட்டு நேராக இருக்குமே" என்றார்.

கோழி மிதித்துக் குஞ்சு சாகாது.
சரி.
தன் அலகைக் கொடுத்தால்?

இல்லை என்று அனுப்பிவிட்டேன்.
அன்று இரவு என்னைப் பற்றி எனக்கே நல்ல அபிப்பிராயம்.
அது மறுநாள் மதியம் வரை இருந்தது.

மாவு சலிக்கும்போது ஞாபகம் வந்தது:
போன வருடம் சாம்பல் கோழியின் அடையில் ஒன்று.
அதை எலி தூக்கிப் போனது, எழுதி வைக்கவில்லை.
அதற்கு முன் வருடம், குட்டைக்காலியின் அடையில்,
மூக்கின் ஓரம் லேசாக,
பார்த்தும் பார்க்காமல் விட்ட ஒன்று.
மூன்று தாய்.
தகப்பன் ஒருவன்.

அமிரால்.
செம்பு முதுகு, பச்சை வால்,
இரண்டு முறை காஸ்த்ரோ சந்தையில் நாடா வாங்கியவன்.
மழைக்கோட்டு போட்ட பாதிரியார்கூட
நின்று பார்த்துப்போகும் நடை.
அலகு,
தச்சர் நூல் பிடித்து அடித்ததுபோல் நேர்.

தாய்களும் அவன் சொந்தம்தான், அத்தை மகள் முறை.
ஆக ரெண்டு பக்கமும் இருக்கலாம்.
ஆக அந்த எட்டு நேரான குஞ்சுக்குள்ளும்
வாய் திறக்காமல் இருக்கலாம்.
என்னிடம் பென்சில் இருக்கிறது.
அவனுக்கு எங்கே போடுவேன்?

கோணலாய்ப் பிறந்தவளின் முட்டையில் எழுதுவது சுலபம்.
அவள் ஏற்கெனவே பாதி எழுதித்தான் தருகிறாள்.

சனிக்கிழமை மறுபடி வந்தார் எலெயுத்தேரியோ.
முட்டை வேண்டாமாம். சேவல்.
அறுபதாயிரம் பீசோ, கையில், ஈரத்தோடு.
ஜன்னலில் ஒழுகும் இடத்துக்குத் தகரம் போடலாம்.
சொல்லிவிட்டேன், மூன்று தாய்க் கணக்கையும்.
அவர் சிரித்தார்:
"ஊரில் யார் வீட்டுச் சேவலுக்கு ஜாதகம் பார்த்தோம்?"
பணத்தை மேசையில் வைத்தார்.
நான் எடுக்கவில்லை.
அவரும் எடுக்கவில்லை.
உப்புச் சாடியின் அடியில் இன்னும் இருக்கிறது.

இன்று ஞாயிறு.
கத்தி தீட்டியாகிவிட்டது, உருளைக்கிழங்கும் தோலுரித்தாகிவிட்டது.
தையற்காரி கிண்ணத்தில் முகம் புதைத்து
சளக் சளக்கென்று தின்கிறாள்,
தாடியெல்லாம் தவிடு.
வேலிமேல் ஏறி அவன்
கழுத்தை நீட்டிக் கூவுகிறான்,
நேராக.