மூன்றாவது கோடு

மல்லாவி ஆசுப்பத்திரி. காலை பத்தரை.
யோகமலரின் பட்டையில் மூன்று கோடு:
ஒன்று சும்மா, ஒன்று இந்தக் கிழமை,
கடைசி பழசு.

"முந்தி எனக்கு டெங்கு வந்ததேயில்லை, மிஸ்."

வந்திருக்கு.
முகாமில், தறப்பாளுக்குக் கீழே,
எல்லாக் காய்ச்சலுக்கும் பனடோல் தந்த மாசங்களில்.
ஒருத்தரும் பதியவில்லை.
எலும்பு மச்சைக்குள் ஒரு கலம்
பதிந்து வைத்தது.

சின்னமுத்து என்றால் அது போதும்,
ஒருக்கால் கண்ட முகத்தைப் படலையிலேயே மறிக்கும்.
டெங்கு நாலு சகோதரம்.
அண்ணனைப் பிடித்துப் பழகிய கை
தம்பியையும் பிடிக்கும், பிடி இறுகாது.
அந்தக் கையையே பிடித்துக்கொண்டு
அவன் வீட்டுக்குள் வருவான்.

சிறுதட்டு நாற்பத்தெட்டாயிரம்.
எந்த முகாம் என்று கேட்கவில்லை.
நானும் ஒன்றில் இருந்தனான்.
வார்ட்டுக்குப் போன் எடுத்தேன்:
"இது இரண்டாந்தரம்.
இரவு முழுக்க நாடி பாருங்கோ."